ஓரிக்ஸ் வளர்க்கும் நிலத்துக்கு விவசாய மதிப்பீடு வாங்கிய அனுபவம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹில் கன்ட்ரி பகுதியில் வாங்கிய நிலத்தில் வளைவாள் கொம்பு ஓரிக்ஸ் என்ற ஆப்பிரிக்க மான் வகையை வளர்க்கிறோம். 8 அடி வேலி, தண்ணீர்த் தொட்டி, ஏலத்தில் மான்கள் வாங்கியது எல்லாம் தடையின்றி முடிந்தன. நிலவரியைச் சந்தை மதிப்பில் போடாமல் விவசாய நிலமாகக் கணக்கிட்டுக் குறைக்கும் விவசாய மதிப்பீட்டுக்குத்தான் மூன்று மாதம் அலைய வேண்டியிருந்தது.

மாடு மேய்ந்த நிலம் என்பதால் பழைய சலுகை அப்படியே தொடரும் என்று விற்றவர் சொன்னதை நம்பிவிட்டேன். உரிமையாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முழுச் சந்தை மதிப்பில் கணக்கிட்ட அறிவிப்பு கைக்கு வந்த பிறகே எனக்கு இது தெரிந்தது. அதற்குள் ஏப்ரல் 30 கெடு கடந்துவிட்டது. ஆண்டு மதிப்பீட்டுப் பதிவேட்டுக்கு மறுஆய்வுக் குழு ஒப்புதல் தரும் வரை தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம் உண்டு. நிலம் வாங்குகிறவர்கள் பத்திரம் பதிவான வாரத்திலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பீட்டு அலுவலகத்துக்கு முதல் முறை போனபோது, கவுன்ட்டரில் இருந்தவர் விலங்கின் பெயரைப் பார்த்ததுமே, அழியும் நிலையில் உள்ள இனம் என்பதால் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் காட்டிய நகல் 2012ஆம் ஆண்டு விதி. ஓரிக்ஸ், அடாக்ஸ், டாமா கசெல் ஆகிய மூன்று ஆப்பிரிக்க மான் வகைகளும் 2005இல் அழியும் இனப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அமெரிக்காவில் அடைத்து வளர்க்கப்படும் மந்தைகளுக்கு விலக்கு இருந்தது. வழக்கொன்றின் விளைவாக 2012 ஏப்ரலில் அது நீங்கியது. 2014இல் நாடாளுமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. மறுநாள் 2014 விதியை அச்சிட்டுக் கொண்டுபோய் வரிவரியாகக் காட்டிய பிறகே படிவத்தை வாங்கிக்கொண்டார். ஒரு முழு நாள் வீணானது. அந்த விலக்கின்படி பிறப்பு, இறப்பு, கைமாற்றம் மூன்றையும் எழுதி வைப்பது கட்டாயம். மணல் நிறத்தில் பிறந்த முதல் கன்று தொடங்கி எல்லாவற்றையும் தேதியுடன் குறித்திருந்த என் நோட்டு அன்று கைகொடுத்தது.

இரண்டு வாரம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னபடி, பயன்பாடு என்ற இடத்தில் 'இனப்பெருக்கம், வேட்டை' என்று எழுதியிருந்தேன். டெக்சாஸ் சட்டப்படி, அயல்நாட்டு விலங்குகளை இறைச்சி, தோல் போன்ற விற்பனைப் பொருள்களுக்காக வளர்த்தால்தான் அது விவசாயம். வேட்டைக்காக மட்டும் வளர்த்தால் இந்தச் சலுகை கிடையாது. எங்கள் பண்ணையில் மிகுதியான கிடாக்கள் உண்மையிலேயே இறைச்சிக்குத்தான் போகின்றன. அதை எழுதாதது என் தவறு. மந்தைத் திட்டம், இறைச்சிக் கூடத்தின் ரசீதுகள், தோல் வாங்குபவரின் கடிதம், முன்னவரின் மேய்ச்சல் குத்தகைச் சான்று ஆகியவற்றை இணைத்து, குறித்த நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்தேன்.

மதிப்பீட்டாளர் வந்த காலையில் இரண்டு கிடாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மீட்டர் நீளக் கொம்புகள் ஒன்றையொன்று குத்திவிடாதிருக்க, அவற்றின் நுனிகளில் ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகியிருந்தோம். எங்கே போகின்றன என்று கேட்டார். அன்றைய ரசீதை நீட்டினேன். வேலியோரமாக முக்கால் மணி நேரம் நடந்து, நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் ஒப்புதல் வந்தது. 2000ஆம் ஆண்டில் காட்டில் முற்றிலும் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2016 முதல் சாட் நாட்டில் மீண்டும் விடப்பட்டுவரும் இனம் இது. முழு வரி விழுந்திருந்தால் மந்தையைப் பாதியாகக் குறைத்திருப்போம். அபராதத்தை மட்டும் கட்டிவிட்டேன். மதிப்பீட்டாளர் சொன்னபடி ஒவ்வோர் ஆண்டின் இறைச்சி ரசீதுகளையும் மான் நோட்டுடனேயே ஒரு கோப்பில் வைத்து வருகிறேன்.