டிரேடு என்ற கட்டத்தில் இருந்த ஒரு சொல்

நான் 1986-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது எனக்கு ஒதுக்கப்பட்ட டிரேடு, அதாவது தொழிற்பிரிவு, டிரைவர். 1991-இல் எலக்ட்ரீஷியன் கோர்ஸ் முடித்து, டிரேடு டெஸ்டில் தேறி, முறைப்படி டிரேடு மாற்றம் பெற்றேன். அதிலிருந்து 2010-இல் ஹவில்தாராக ஓய்வு பெறும் வரை, 19 ஆண்டுகள், ஜெனரேட்டரும் கேபிளும் ஸ்விட்ச் போர்டும்தான் என் வேலை. லடாக்கில் இருந்த குளிர்காலங்களில் பேட்டரிகளை இரவில் பங்கருக்குள் தூக்கி வந்து புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்து, விடியுமுன் எடுத்துப் போய் ஜெனரேட்டரில் பூட்டுவோம். ஒயர்லெஸ் செட்டும் விளக்கும் அதை நம்பித்தான் இருந்தன. இவ்வளவுக்கும் பிறகு, ஊருக்குக் கிளம்பும் நாளில் என் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில், டிரேடு என்ற கட்டத்தில் ‘டிரைவர்’ என்றே எழுதியிருந்தது.

அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்ஷன் சரியாக வந்தது. பதவி, பணிக்காலம் எல்லாம் சரி. அடுத்த ஆண்டு வேலூரில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மின் பராமரிப்பு வேலை கேட்டுப் போனபோதுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அதிகாரி மரியாதையாகவே சொன்னார்: “ஐயா, இதில் டிரைவர் என்றல்லவா இருக்கிறது? டிரைவர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, வருகிறீர்களா?” அவர்மேல் தவறு இல்லை. என் வாய்ச்சொல்லைவிட அரசு முத்திரை போட்ட தாளைத்தானே அவர் நம்ப முடியும்? அந்த வேலை கிடைக்காத வருத்தத்தைவிட, என் பேரப்பிள்ளைகள் நாளை அந்தப் புத்தகத்தைப் படித்தால் தாத்தா கடைசிவரை டிரைவராகவே இருந்ததாக நினைப்பார்கள் என்ற எண்ணம் என்னை அதிகமாக உறுத்தியது.

இருந்தும் பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வேலை என்று ஆண்டுகள் ஓடின. 2017 தொடக்கத்தில்தான் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உதவிக்கு இருந்தார். “சாப், இதை இங்கேயே திருத்தித் தர முடியுமா?” என்று கேட்டேன். “முடியாது தம்பி. நாங்கள் மனுவை அனுப்பி வைக்கலாம், நினைவூட்டலாம். பேனாவை எடுக்கும் அதிகாரம் உன் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு மட்டும்தான்” என்றார். நம்மில் பலர் இதை அறியாமல் கலெக்டர் அலுவலக மனுநீதி நாளிலும் வங்கியிலும் மனு கொடுத்துக் காலத்தைக் கழிக்கிறோம்.

முதல் மனுவை நான் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். எங்கெங்கே பணி செய்தேன், எந்த அதிகாரி பாராட்டினார், எத்தனை ஆண்டுகள் வேதனைப்பட்டேன் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆதாரம் என்று இணைத்ததோ டிரேடு டெஸ்ட் சான்றிதழின் நகல் ஒன்றுதான். நான்கு மாதம் கழித்து ரெக்கார்ட்ஸிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: எங்களிடமுள்ள ஆவணங்களின்படி டிரேடு டிரைவர், எனவே மாற்ற இயலாது. அந்தக் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் கடிதத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த சுபேதாரிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “உன் டிரேடு மாற்றத்துக்குப் பார்ட் டூ ஆர்டர் வெளியாயிற்றா?” ராணுவ வழக்கில் விடுப்பு, திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, டிரேடு மாற்றம் என்று எது நடந்தாலும் அது பார்ட் டூ ஆர்டரில் வெளியாக வேண்டும், அதை வைத்துத்தான் ரெக்கார்ட்ஸில் நம் சேவைப் பதிவேடான ஷீட் ரோலில் பதிவு செய்வார்கள். சான்றிதழ் நான் தேறினேன் என்பதை மட்டுமே சொல்லும். ராணுவம் என்னை அந்த டிரேடில் ஏற்றுக்கொண்டதா என்பதைச் சொல்வது பார்ட் டூ ஆர்டர்.

ஆர்டரின் எண்ணோ தேதியோ என்னிடம் இல்லை. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, என் ஷீட் ரோலின் சான்றொப்பமிட்ட நகலையும், 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் என் ஆர்மி நம்பரைக் குறித்து வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகலையும் கேட்டேன். ‘ஏன் திருத்தவில்லை’ என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. காரணம் கேட்டால் விளக்கம்தான் வரும். ஆவணம் கேட்டால் ஆவணம் வரும். சட்டம் கொடுத்திருக்கும் 30 நாளுக்குள் பதில் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டிய பிறகு நகல்கள் வந்து சேர்ந்தன.

உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் திண்ணையில் பரப்பினேன். ஷீட் ரோலின் முதல் பக்கத்தில் டைப் அடித்த ‘டிரைவர்’. உள்பக்கத்தில், பதவி உயர்வுகளை எழுதும் கட்டத்துக்குக் கீழே, மங்கிய மையில் கையால் எழுதிய ஒரு வரி: எலக்ட்ரீஷியனாக டிரேடு மாற்றம், பார்ட் டூ ஆர்டர் எண், தேதி, ஒரு சுருக்கொப்பம். 26 ஆண்டுகளாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. உள்ளே பதிந்தவர் முதல் பக்கத்தை மாற்ற மறந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகம் எழுதியவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார். விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். ஷீட் ரோலின் உள்பக்கப் பதிவும் முதல் பக்கமும் முரண்படுகின்றன, பார்ட் டூ ஆர்டரின்படி முதல் பக்கத்தையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் திருத்தித் தர வேண்டுகிறேன், அவ்வளவுதான். நல அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பணம் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே பதவி ஒரே ஓய்வூதிய அட்டவணைகள் பதவி, டிரேடு சார்ந்த சம்பளக் குழு, பணிக்காலம் ஆகிய மூன்றையும் வைத்தே தொகையைக் காட்டுகின்றன. என்னுடைய இரண்டு டிரேடுகளும் ‘ஒய்’ குழுவிலேயே இருந்ததால் எனக்கு ஒரு ரூபாயும் மாறவில்லை. ஆனால் டிரேடு திருத்தத்தால் ஒருவர் ‘எக்ஸ்’ குழுவுக்குப் போவதாக இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகம் திருந்தியதோடு நின்றுவிடக் கூடாது. ரெக்கார்ட்ஸ் மூலமாக, பிரயாக்ராஜில் (முன்பு அலகாபாத்) உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வரும்வரை விடாமல் தொடர வேண்டும்.

இடையில் எதிர்பாராத ஒரு முடிச்சு விழுந்தது. என் ஆவணங்களில் சொந்த மாவட்டம் வட ஆற்காடு என்று இருந்தது, ஆதாரில் வேலூர். 1989-இல் வட ஆற்காடு பிரிக்கப்பட்டு, பிறகு பெயரும் மாறியதை வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் எப்படி அறிவார்? இரண்டும் ஒரே கிராமம்தான் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி அனுப்பினேன். நம் பகுதியில் அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள் இந்தச் சான்றை முதலிலேயே இணைத்துவிடுவது நல்லது.

அதன் பிறகு அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைத் தபாலில் போட என் கை வரவில்லை. எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே அனுப்பினேன். நல்லவேளையாக அதை நான் லேமினேட் செய்திருக்கவில்லை; செய்திருந்தால் திருத்தம் எழுத இடமிருந்திருக்காது. ஆறு மாதம் ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்தேன். 2018 ஆகஸ்டில் புத்தகம் திரும்பி வந்தது. ‘டிரைவர்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, அதற்கு மேலே ‘எலக்ட்ரீஷியன்’, ஓரத்தில் ஆர்டர் எண், அதிகாரியின் கையொப்பம், வட்ட முத்திரை. அந்தப் பக்கத்தை அன்று எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை.

இப்போது என் மனதில் இருப்பது குடியாத்தத்தில் உள்ள என் நண்பர். அவர் பென்ஷன் தகுதி பெறுமுன்பே 2002-இல் வெளியே வந்தவர். அவருடைய புத்தகத்திலும் டிரேடு தவறாகவே இருக்கிறது. பென்ஷன் இல்லாதவர்களின் சேவை ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிடும். லாங் ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டில் உள்ள பதிவு மட்டும்தான் மிஞ்சும். ஷீட் ரோலே போய்விட்டால் எதைக் காட்டிக் கேட்பது? அதனால் அவருக்கு முதல் மனு எழுதவே நான் விடவில்லை. நேராகத் தகவல் உரிமை மனுவிலேயே தொடங்கியிருக்கிறோம். போன வாரம் தபால் நிலையத்தில் போஸ்டல் ஆர்டர் வாங்கி, ஆர்மி நம்பரை இருவரும் இரண்டு முறை சரிபார்த்து, உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.