இது எந்தக் கணக்கில் வரும்?

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். நான் அங்கே படித்த காலத்தில் ஒரு படி ஏறித்தான் போவோம். பள்ளிக்கூடம் அப்படியேதான் இருக்கிறது, தெருதான் உயர்ந்துவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு, அதன் தலையில் இன்னொன்று. ஐப்பசி பிறந்துவிட்டால் தெருத் தண்ணீர் மொத்தமும் ஒன்றாம் வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பள்ளிக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தண்ணீருக்காக எழுதிய மனுக்கள் எல்லாம் என் மெஷின் கண்ணாடியில் படுத்து எழுந்தவைதான். தலைமையாசிரியர் மாறுவார், தேதி மாறும், மற்ற வரிகள் அப்படியே இருக்கும். பதிலும் மாறாது. ஓர் அலுவலகத்தில், "ரோடு எங்களுடையது இல்லையே" என்பார்கள். இன்னோர் அலுவலகத்தில், "ஸ்கூல் எங்கள் கணக்கில் வராது." கட்டடம் உள்ளாட்சியுடையது, டீச்சர்களுக்குச் சம்பளம் கல்வித் துறையிலிருந்து. நடுவில் தேங்கிய தண்ணீருக்குத்தான் சொந்தக்காரர் கிடையாது. 2016க்கும் 2022க்கும் இடையே நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலர்களும் இல்லை. மனு கொடுக்கக்கூட ஒரு முகம் வேண்டுமல்லவா?

2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதே வருடம் பள்ளி மேலாண்மைக் குழுக்களையும் புதிதாக அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு அம்மாவாக இருக்க வேண்டும். "எதிரிலேயே கடை, சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு.

அந்தக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இரண்டு இடம் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் இரண்டு கூட்டத்துக்கு எங்கள் பெண் கவுன்சிலருக்குப் பதிலாக அவருடைய வீட்டுக்காரர்தான் வந்தார். மூன்றாவது கூட்டத்தில் டீச்சர் மெதுவாக, "சார், பதிவேட்டில் மேடம் கையெழுத்துதான் வேணும்" என்றார். அடுத்த மாதம் மேடமே வந்தார். நல்ல மழை. ஒன்றாம் வகுப்பில் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினோம். நான் பதினைந்து வருடமாக ஜெராக்ஸ் எடுத்த மனுக்கள் செய்யாததை அந்த அரை மணி நேரம் செய்தது.

இந்தக் கணக்குச் சண்டை நம் ஊரில் நூறு வருடப் பழசு. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கும் போனது. 1925இல் நின்றது. ஏன் தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட்டது. சோறு கல்விக் கணக்கில் வராதாம்! பசித்த பிள்ளைக்கு எந்தக் கணக்கில் பாடம் ஏறும் என்று யாராவது கேட்டார்களா தெரியாது.

இப்போது காலை உணவே வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியபோது எங்கள் பள்ளி அதில் இல்லை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியபோதுதான் வந்தது. புதன்கிழமை பொங்கல் வாசம் என் கடை வரைக்கும் வரும். ஆனால் மழை நாளில், சமைக்கும் சுய உதவிக் குழு அக்காக்கள் முழங்கால் தண்ணீரில் சாம்பார் தூக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். வேறு யாரோ கடையில் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தபோது பார்த்து எனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். (தொழில் தர்மம் இல்லைதான்.) அதைக் குழுத் தீர்மானத்தோடு பின் அடித்துக் கவுன்சிலர் கையில் கொடுத்தோம். அடுத்த முறை ரோடு போட வந்தபோது அவர் ரோலருக்கு முன்னால் நின்று, "முதல்ல சுரண்டுங்க" என்றார். ரோடு வேலையைப் பார்க்க வந்த ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுரண்டினார்கள். வாசலில் மழைநீர் வடிய ஒரு மூடிய காவாயும் வந்தது. இரண்டு படி இன்னும் இரண்டு படிதான், ஆனால் ரோடு அதற்கு மேல் உயரவில்லை. போன ஐப்பசியில் தண்ணீர் வாசலோடு நின்றது.

அப்புறம் மைதானம். சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறதே, தெருப் பிள்ளைகள் விளையாடட்டும் என்றால் இரண்டு கேள்வி வந்தது. சாவி யாரிடம்? விளக்குக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? மறுபடியும் கணக்கு. இதற்கு வழி சொன்னவர் லைட் போடும் லைன்மேன். மதிலுக்கு வெளியே நிற்கும் தெருவிளக்குக் கம்பத்தில் இன்னொரு கையை மாட்டி விளக்கை உள்பக்கம் திருப்பிவிட்டார். தெருவிளக்கு தெருக் கணக்கு, வெளிச்சம் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு.

என் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான். 2024இல் குழுவை 24 பேராக்கி முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்ததால் அந்தக் கணக்கில் நான் திரும்ப வந்துவிட்டேன். சாவி என் கடையில், லேமினேஷன் மெஷினுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. எட்டு மணிக்குப் பூட்டப் போனால், "ஆன்ட்டி, லாஸ்ட் ஓவர்" என்கிறார்கள். தினமும் நாலு லாஸ்ட் ஓவர் நடக்கிறது.