வேண்டாத விலக்கும் கிடைக்காத பாடத்திட்டமும்: வேலைக்கு நடுவே கணினி அறிவியல் படிக்கச் சேர்ந்த அனுபவம்

கல்லூரி எனக்குக் கணிதப் பாடத்திலிருந்து விலக்கு கொடுத்தது. நான் கேட்கவே இல்லை. அந்த விலக்கை எடுக்க வைப்பதற்குள் முதல் செமஸ்டரே கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். வேறு துறையில் பட்டம் வாங்கி, பல வருடம் வேலை பார்த்துவிட்டு, கணினி அறிவியல் படிக்க மறுபடி கல்லூரிக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வயதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிக்கல் ஆரம்பித்தது கிரெடிட் மாற்றத்தில்.

என் முதல் பட்டம் வணிகவியல். அதில் இரண்டு கணிதத் தாள்கள், ஒரு புள்ளியியல் தாள், இரண்டு மொழித் தாள்கள் இருந்தன. பழைய மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால், பொருந்துகிற பாடங்களை முடித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது புள்ளியியலும் மொழியும் மட்டும். அவை கழிந்தால் வாரத்தில் இரண்டு மாலை மிச்சமாகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மாலை என்பது பெரிய சொத்து. ஆனால் அலுவலகத்தில் நடந்தது நேர்மாறு. பட்டியலில் 'கணிதம்' என்று அச்சாகியிருந்ததைப் பார்த்து கணினி அறிவியலுக்கு அடிப்படையான கணிதப் பாடம், டிஸ்கிரீட் மேத்ஸை முடித்ததாகப் பதிந்துவிட்டார்கள். புள்ளியியலுக்கோ, "சிலபஸ் இல்லாம எதையும் சொல்ல முடியாது மேடம், பழைய காலேஜ்ல சீல் போட்டு வாங்கிட்டு வாங்க" என்றார்கள்.

டிஸ்கிரீட் மேத்ஸில் விலக்கு கிடைத்தால் லாபம்தானே என்று தோன்றும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். வணிகவியலில் நான் படித்த கணிதம் வட்டி, அணிகள், கொஞ்சம் வகையீடு. இங்கே வேண்டியது தர்க்கம், கணங்கள், உறவுகள், எண்ணும் முறைகள், புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் கிராஃப், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொகுத்தறி முறையில் நிறுவுவது. அல்காரிதம் (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) பாடம் முழுக்க இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலின் ஒரு தனிப் பகுதி, தன்னைத்தானே அழைத்துக்கொண்டு எப்படிச் சரியான விடையோடு வெளியே வருகிறது என்று பலர் திணறுகிறார்கள். 1-க்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையென்றால் அடுத்த எண்ணுக்கும் உண்மை, ஆகவே எல்லாவற்றுக்கும் உண்மை என்று காகிதத்தில் பத்துப் பதினைந்து முறை நிறுவிப் பார்த்தவருக்கு அந்தத் திணறல் வராது. தன்னைத்தானே அழைக்கும் அந்த ரெக்கர்ஷனும், இப்படி நிறுவும் தொகுத்தறிதலும் ஒரே சிந்தனைதான். சேர்வதற்கு முன்பே அல்காரிதம் பாடத்தின் முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருந்ததால் இது எனக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்: எந்தப் பாடத்துக்கு விலக்கு வாங்கப்போகிறீர்களோ, அதற்கு அடுத்த பாடத்தின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எழுதியிருப்பது புரிந்தால் மட்டும் விலக்கு வாங்குங்கள்.

இதை அலுவலகத்தில் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் புதிராகப் பார்த்தார். "எல்லாரும் விலக்கு கிடைக்கலைன்னுதான் மேடம் வருவாங்க. உங்களுக்குக் கிடைச்சிருக்கு. அதை ஏன் வேண்டாங்கறீங்க?" காரணத்தைச் சொன்னேன். "சிஸ்டத்துல ஏறிடுச்சு, இனிமே எடுக்க முடியாது" என்றார். அந்தப் பாடம் முடிந்ததாகப் பதிவாகியிருந்ததால், பதிவுப் பக்கத்தில் என்னால் அதைத் தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை. பாடப் பதிவு முடியும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. துறை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். துறை அலுவலகத்தில், இது தேர்வுப் பிரிவின் வேலை என்றார்கள். தேர்வுப் பிரிவில் மறுபடி முதல் கவுண்டரையே காட்டினார்கள். வேலை பார்க்கும் இடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து இப்படி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. படிக்க விடுங்கள் என்று கேட்பதற்கு இத்தனை கதவா?

கடைசியில் வழி திறந்தது கையேட்டில். சேரும்போது கொடுக்கும் மாணவர் கையேட்டை யாரும் படிப்பதில்லை. அதில் கிரெடிட் மாற்றப் பகுதியில், விலக்கு என்பது மாணவரின் எழுத்துப்பூர்வ வேண்டுகோளின் பேரில் வழங்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. நான் வேண்டுகோளே கொடுக்கவில்லையே! அந்த விதியின் எண், பாடத்தின் குறியீடு, "என் வேண்டுகோள் இல்லாமல் பதிவானதால் நீக்கித் தரவும்" என்ற ஒரே வாக்கியம், இவ்வளவுதான் கடிதம். துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் காரணத்தைக் கேட்டார், "நல்ல முடிவு" என்று சொல்லி அங்கேயே பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எடுக்க முடியாது" என்றிருந்த பதிவு அன்று மாலைக்குள் நீங்கியது. கவுண்டரில் விளக்கம் சொல்லி வாதாடுவதால் பயனில்லை. விதி எண்ணோடு எழுதிக் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று முதலிலேயே கேளுங்கள்.

புள்ளியியல் பாடத்திட்டம் தனிக் கதை. நான் படித்த கல்லூரி பாடத்திட்டத்தைப் பலமுறை மாற்றிவிட்டது. இணையத்தில் இப்போதைய பாடத்திட்டம் மட்டும் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போனால் நீங்கள் படித்த வருடத்துக்கு உரியதல்ல என்று திருப்பி விடுவார்கள். அலுவலகத்தில் பழையது எதுவும் இல்லை என்று கையை விரித்தார்கள். அது கிடைத்த இடம் நூலகம். துறைவாரியாகப் பழைய பாடத்திட்டப் புத்தகங்களைக் கட்டி, கடைசி அலமாரியில் வைத்திருந்தார்கள். நூலகர் தானே ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நான் நன்றி சொன்னது போதாது. நகல் எடுத்துக்கொண்டு முத்திரைக்குப் போனால், முத்திரை வைத்திருப்பவர் விடுப்பில். முத்திரை இருக்கும் அலமாரியின் சாவியும் அவரிடம். அந்தப் பயணம் வீண். ஆகவே கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியது "அலுவலகம் திறந்திருக்குமா" என்பதில்லை, "முத்திரை போடுகிறவர் இருப்பாரா" என்பதுதான். நகலில் பாடத்தின் பெயர், நேர அளவு, அலகுவாரியான தலைப்புகள், எந்த ஆண்டு முதல் நடைமுறை என்ற முகப்புப் பக்கம் எல்லாம் இருக்க வேண்டும். முகப்புப் பக்கம் விடுபட்டால் மறுபடி அலைச்சல்தான். புள்ளியியல் விலக்கு ஒருவழியாகக் கிடைத்தது. மொழிக்கு மதிப்பெண் பட்டியலே போதுமானதாக இருந்தது.

இனி வகுப்பு. பாடம் கடினம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்குக் கடினமாக இருந்தது பாடத்திட்டத்தில் இல்லாதவை. முதல் லேப் வகுப்பில் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) திறந்து, ஒரு ஃபோல்டருக்குள் போய், சி மொழி நிரலை கம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி), நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் சமர்ப்பிக்கச் சொன்னார்கள். எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. கிட் வந்ததே 2005-ல்தான், நான் முதன்முறை கல்லூரியில் இருந்தபோது அப்படியொன்று இல்லை. பக்கத்தில் இருந்த பையன்கள் பள்ளியிலேயே பழகிவிட்டு வந்திருந்தார்கள். ஒரு பெண், "அக்கா, இப்படி அடிங்க" என்று பொறுமையாகக் காட்டினாள். சேருவதற்கு முன் கிடைக்கிற நேரத்தில் புது மொழி ஒன்றைக் கற்பதைவிட இதைப் பழகுங்கள்: ஃபோல்டர்களுக்கிடையே கட்டளை வழியாகப் போவது, ஃபைலை நகர்த்துவது, பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிப்பது, கிட்டில் கமிட் செய்வது, அதாவது மாற்றத்தைப் பதிந்து வைப்பது. ஒரு வாரம் போதும். அதன் பிறகு லேப் நேரம் முழுவதும் உண்மையான வேலைக்குக் கிடைக்கும்.

சி மொழியில் பாயின்டர், அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறி, எல்லோரையும் ஒரு முறை உலுக்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய மொழி இது. நினைவகத்தை நேரடியாகத் தொட விடுவதுதான் அதன் பலமும் ஆபத்தும். திரையைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். காகிதத்தில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் கொடுத்து, பாயின்டர் என்ற கட்டத்துக்குள் அடுத்த கட்டத்தின் எண்ணை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் லிங்க்டு லிஸ்ட் எனக்கு விளங்கியது அப்படித்தான்.

வேலை அனுபவம் வீணாகாது என்பதையும் சொல்ல வேண்டும். கடைக் கணக்கு நிரல் ஒன்றை எழுதச் சொன்னபோது வகுப்பில் பெரும்பாலோர் தொகைகளைத் தசமப் புள்ளி எண்களுக்கான ஃப்ளோட் வகையில் வைத்தார்கள். கூட்டுத்தொகை கடைசி இலக்கத்தில் இடித்தது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான், பைசா இடித்தால் தூக்கம் வராது. இரும எண்களில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது, பைதான் மொழியில் 0.1 + 0.2 போட்டுப் பார்த்தால் 0.30000000000000004 என்று வரும். தொகையை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நான் அப்படி எழுதியிருந்ததை ஆசிரியர் வகுப்பில் எல்லோருக்கும் காட்டச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்தும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை.

குழு வேலையில் ஒரு எச்சரிக்கை. உடன் படிப்பவர்கள் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். முதல் கூட்டத்திலேயே, "நான் காலையில ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் பார்ப்பேன், என் பங்கைத் தனியாப் பிரிச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை எழுதும் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதி வைப்பது எனக்கும் வசதி, அவர்களுக்கும் உதவி.

தேர்வில் நிரலைத் தாளில் எழுத வேண்டும், கம்பைலர் திருத்தித் தராது. அதனால் கடைசி ஒரு மாதம் கையால் எழுதிப் பழகினேன். ஆனாலும் பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடுவது) கேள்வியில் மதிப்பெண் குறைந்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் விடைக் குறிப்பில் இருந்தது. நான் எழுதியது, கீழ் எல்லையோடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுவது. வேறு மாதிரி இருக்கிறது என்று திருத்தியவர் கோடு போட்டுவிட்டார்.

விடக் கூடாது என்று மறுமதிப்பீட்டுக்கு எழுதினேன். எதிர்மறை எண்களையும் கொள்ளும் 32 பிட் முழு எண்ணில் கொள்ளக்கூடிய அதிகபட்சம் 2,147,483,647. இரண்டு பெரிய இடக்குறிகளைக் கூட்டினால் அதைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடலாம். ஜாவா மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பிலேயே இந்தப் பிழை பல வருடம் யாரும் கவனிக்காமல் இருந்தது. 2006-ல் மென்பொருள் வல்லுநர் ஜோஷுவா பிளாக் அதை எழுதி வெளிப்படுத்தினார். நான் எழுதிய முறை அந்தப் பிழையைத் தவிர்ப்பது. இதை அரைப் பக்கத்தில், கோபமில்லாமல், 3, 5, 8, 13 என்ற சிறு பட்டியலில் இரண்டு வழிகளும் ஒரே நடு இடத்தைத் தருவதைப் போட்டுக் காட்டி எழுதிக் கொடுத்தேன். முழு மதிப்பெண்ணும் திரும்பி வந்தது. திருத்தியவர் இளைஞர், ஆராய்ச்சி மாணவர். அடுத்த வாரம் வராந்தாவில் நிறுத்தி, "சரியாத்தான் எழுதியிருந்தீங்க மேடம், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

மறுமதிப்பீட்டுக்குக் கால வரம்பு குறைவு. மதிப்பெண் வந்த அன்றே விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலையை முடித்துவிட்டு வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு முடிந்திருக்கும்.

அடுத்த செமஸ்டரில் இயங்குதளம் எடுக்கிறேன். அதற்குக் கணினிக் கட்டமைப்பு முன்பாடம். அது முடிந்ததாக என் பதிவில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்தேன், ஏறவில்லை. விதி எண்ணோடு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், நாளைக் காலை கவுண்டர் திறக்கும்போது கொடுக்க வேண்டும்.