கொக்கியும் வால்வும் சேர்ந்தா ஆக்கவுரிமை கிடைக்குமா?

கல்முனை, காத்தான்குடி ஹாட்வெயார் கடைகளில தொங்கிற பிடெட் ஷவர் (கழிப்பறைக் கை ஷவர்) கொக்கிக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடுக்க நினைக்கிற தம்பிமாருக்கு.

ஷவரைக் கொக்கியில மாட்டினா தண்ணி தானா நிக்கும் எண்டு மட்டும் எழுதிக் குடுத்தா நிராகரிப்புத்தான். அப்படியான கொக்கி ஏற்கெனவே சந்தையில இருக்கு. இலங்கையின்ட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கேக்கிறது, அந்தத் துறையில சாதாரண தேர்ச்சி உள்ள ஆளுக்கு இது வெளிப்படையாத் தெரியுமா எண்டுதான். நல்ல பிளம்பர் ஒருவர் அரை இஞ்சி வால்வையும் கொக்கியையும் பாத்தவுடனே சேத்திருவார். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007இல கேஎஸ்ஆர் எண்ட கம்பனியின்ட ஆக்கவுரிமை வழக்கில இதைத்தான் சொன்னது: தெரிஞ்ச பாகங்களைத் தெரிஞ்ச முறையில சேத்து, எதிர்பார்த்த பலன்தான் வருதெண்டா அது வெளிப்படை.

நிராகரிச்சாலும் மேன்முறையீட்டில நிக்கோணுமெண்டா, சேத்தா வாற சிக்கலைப் பிடியுங்க. ட்ரிகரை விட்டாலும் அங்கிள் வால்வு (ஹோஸுக்குத் தண்ணி விடுற சுவர் வால்வு) திறந்தே இருந்தா ஹோஸுக்குள்ள அழுத்தம் நிக்கும். உள்றப்பர் உப்பி, நட்டுக்குக் கிட்ட வெடிக்கலாம். கொக்கி வால்வு பூட்டினாலும் ஹோஸுக்குள்ள சிக்கின தண்ணி அழுத்தத்தோடயே கிடக்கும். அதை வெளியேத்த உங்கட வடிவமைப்பில என்ன இருக்கு? ஒரு சின்னத் துவாரமா, ஸ்பிரிங்கா? அதை விண்ணப்பத்தில எதுக்கு உரிமை கேக்கிறீங்க எண்டு சொல்ற உரிமைக்கோரலிலயே எழுதுங்க, எப்படி வேலை செய்யுதெண்டு விளக்கிற விவரணத்தில மட்டும் வச்சா பத்தாது. சாதாரண கொக்கியோட ஒப்பிட்ட சோதனை அளவுகளும் வேணும்.

"நல்லா விக்குது" எண்டது, இது வெளிப்படையில்லை எண்டு காட்ட ஒரு துணைச் சான்றுதான். விலை குறைவெண்டும் விக்கும்தானே!