சர்தையின் காவலில்லாத பக்கம்

வெளிப்படுத்தல் புத்தகத்தில் ஆண்டவர் கடிதம் எழுதச் சொன்ன ஏழு சபைகள் இருந்த இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் லவோதிக்கேயாவுக்காகத்தான் காத்திருப்பார்கள். "குளிருமல்ல, அனலுமல்ல" என்ற பிரசங்கத்தை அத்தனை முறை கேட்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஆனால் ஆண்டவர் என்னைப் பிடித்து நிறுத்தியது சர்தையில்.

மேற்குத் துருக்கியில் சார்ட் என்னும் சிற்றூரை ஒட்டிக் கிடக்கிறது அந்தப் பழைய நகரம். முதலில் ஆர்த்தெமிஸ் கோவிலுக்குப் போனோம். வேதத்தில் தியானாள் என்று வாசிக்கிறோமே, அவளுக்குக் கட்டியது. முழு உயரத்துக்கு இரண்டே தூண்கள் நிற்கின்றன. பல தூண்களில் செதுக்கு வேலை முடியவே இல்லை. கடைசிவரை கோவில் நிறைவடையாமலே போயிருக்கிறது. போதகர் அங்கேதான் சர்தை சபைக்கான கடிதம் உள்ள வெளிப்படுத்தல் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். "உன் கிரியைகள் தேவனுக்குமுன் நிறைவுள்ளவைகளாக நான் காணவில்லை" என்று அவர் வாசித்தபோது, ஒருவரும் சொல்லாமலே எல்லாருடைய பார்வையும் அந்தத் தூண்களுக்குப் போனது.

பிறகு அவர் பின்னால் இருந்த மலையைக் காட்டினார். லீதிய அரசன் குரோசஸின் கோட்டை அதன்மேல் இருந்தது. கி.மு. 546 வாக்கில் பாரசீக அரசன் கோரேசு அதை முற்றுகையிட்டான். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. அங்கே யாரும் ஏற முடியாது என்று காவலே வைக்கவில்லை. ஒரு காவலனின் தலைக்கவசம் அந்தப் பக்கமாக உருண்டு விழுந்தது. அவன் பாறையில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு ஏறிப் போனதைக் கீழிருந்து ஒரு பாரசீக வீரன் பார்த்துக்கொண்டிருந்தான். அதே வழியாக ஏறி, பதினான்கே நாளில் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். இது நடந்து முந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, மூன்றாம் அந்தியோகஸின் காலத்தில் நகரம் மறுபடியும் அப்படியே விழுந்தது. மதிலின் ஓரிடத்தில் கழுகுகள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைக் கண்ட ஒரு வீரன், அங்கே ஆள் இல்லை என்று புரிந்துகொண்டான்.

அதே கடிதத்தில் வரும் "விழித்துக்கொள்" என்ற வார்த்தை இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! தாத்தா பாட்டி சொன்ன கதையெல்லாம் அதுதானே.

எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் காவல் வைத்திருந்த பக்கங்கள் எனக்குத் தெரியும்: கோபம், பணம், பார்வை. இவற்றில் விழக்கூடியவன் என்று தெரிந்ததால் பயந்து ஜெபித்து வந்தேன். ஜெபத்தைப் பற்றி மட்டும் எனக்குப் பயமே இருந்ததில்லை. ஜெபக்கூட்டத்தில் யார் ஜெபிப்பது என்று வந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கண்ணை மூடினால் வார்த்தை தானாக வரும்.

கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி தன் மகனுக்காக ஜெபிக்கச் சொல்லியிருந்தார். "கட்டாயம்மா" என்றேன். மறந்துபோனேன். பிறகு அவரே என்னைத் தேடி வந்து, "நீங்க ஜெபிச்சீங்கண்ணா, அவனுக்குச் சுகமாயிடுச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அந்த ஸ்தோத்திரமும் தானாகத்தான் வந்தது.

அந்தக் கடிதம் சொல்வதுபோல், உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருப்பது என்றால் இதுதான் என்று அந்த மலையடியில் எனக்கு விளங்கியது. நான் பலவீனம் என்று நினைத்த இடத்தில் அல்ல, என் பலம் என்று எல்லாரும் சொன்ன இடத்தில் மதில் வெறுமையாக இருந்தது.

கோவிலின் தென்கிழக்கு மூலையில் ஒரு சிறு ஆலயத்தின் இடிபாடு உண்டு. நான்காம் நூற்றாண்டு வாக்கில் கட்டியதாம். எனக்கு அது அந்தப் பெரிய தூண்களைவிட அழகாகத் தெரிந்தது. "சிலபேர் சர்தையிலும் உனக்குண்டு" என்று ஆண்டவர் சொன்னாரே, அந்தச் சிலருடைய விசுவாசத்துக்குப் பின்வந்தவர்கள் அங்கே முழங்காலிட்டிருப்பார்கள். மற்றவர்கள் பேருந்துக்கு நடக்க, நான் அங்கே மண்டியிட்டேன். வழக்கமான வாக்கியங்கள் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். பிறகு அந்தப் பையனின் பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.