படகு வாங்கியாச்சு, எங்கே நிறுத்துவது?

அட்லாண்டாவுக்கு வடக்கே, லேக் லேனியர் ஏரியிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறோம். போன வருடம் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய பான்டூன் படகு வாங்கினோம். இரண்டு நீள அலுமினியக் குழாய்களின் மேல் தரை போட்டு, சோபாவும் நிழல்துணியும் வைத்த 22 அடிப் படகு. விலை பேசி முடிக்க ஒரே மாலைதான் ஆனது. அதை முறையாக நிறுத்த ஓர் இடம் பிடிப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

முதலில் பதிவு. ஜார்ஜியாவில் மோட்டார் படகு என்றால் மாநில இயற்கை வளத் துறையில் பதிய வேண்டும்; மூன்று வருடத்துக்குச் செல்லும். விற்றவர் கொடுத்த விற்பனைச் சீட்டை வைத்து, என் பெயரிலேயே ஆன்லைனில் முடித்தேன். ஜிஏ என்று தொடங்கும் எண்ணைப் படகின் முன்பக்கம் இருபுறமும் ஒட்ட வேண்டும். எழுத்து 3 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது, பின்னணி நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரிய வேண்டும். நானோ அழகாக இருக்கட்டும் என்று வெள்ளிநிறப் படகில் சாம்பல்நிற எழுத்தை ஒட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் படகு நிறுத்த விடாது. படகு நிறுத்த வாடகைக்கு இடம் தரும் மெரினாக்களில் ஸ்லிப் கேட்டால், அதாவது தண்ணீரிலேயே கட்டிவைக்கும் இடம், காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதச் சொன்னார்கள். அப்போது பங்காளிகளில் ஒருவர், "அண்ணே, ஏரிக்கரையில எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவரோட டாக் சும்மாதான் கிடக்கு. மாசம் இருநூறு டாலர் போதுமாம்" என்றார். டாக் என்றால் கரையோரம் தண்ணீரில் படகு கட்டுவதற்குப் போட்ட மேடை. மெரினாக்காரர்கள் சொன்ன தொகையில் பாதிகூட இல்லை. சரி என்று இரண்டு மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துப் படகைக் கட்டிவிட்டோம்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். சனிக்கிழமை காலை இட்லிப் பாத்திரமும் குழந்தைகளுமாகப் போய் இறங்கினால், ஸ்டியரிங்கில் ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் கட்டியிருந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். ஏரியைக் கண்காணிக்கும் அதிகாரியான ரேஞ்சர் மரியாதையாகத்தான் பேசினார். ரோந்துப் படகிலிருந்து பார்த்தபோது என் படகின் எண் படிக்க முடியவில்லையாம். அதனால் கிட்டே வந்திருக்கிறார். எண்ணைத் தேடினால் உரிமையாளர் பெயர் ஒன்று, டாக்கில் அறைந்திருக்கும் பெர்மிட் தகட்டுக்குரிய பெயர் வேறொன்று. கறுப்பு எழுத்து ஒட்டியிருந்தால் தூரத்திலிருந்தே படித்துவிட்டுப் போயிருப்பார் என்று இப்போதும் என் மனைவி சொல்லிக்காட்டுவாள்.

அன்றைக்குத்தான் இந்த ஏரியின் கணக்கு எனக்குப் புரிந்தது. 1950-களில் சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபர்ட் அணையைக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையான கார்ப்ஸ் ஆஃப் இன்ஜினியர்ஸ். ஏரி மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கரை நிலமும் அவர்கள் கையில். பெரியவர் வீட்டுப் பின்பக்கம் இறங்கும்போது மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். ஏதோ வெட்டப்போகிற மரம் என்று நினைத்திருந்தேன். அதுதான் எல்லை. அதற்குக் கீழே புல்வெளி, படிக்கட்டு, டாக் எதுவுமே வீட்டுக்காரர் சொத்து இல்லை, அனுமதி மட்டும்தான். அந்த அனுமதியும் வீட்டை விற்றால் செல்லாது. வாங்குகிறவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மொத்த ஏரிக்கும் 10,615 தனியார் டாக் பெர்மிட்தான் உச்சவரம்பு. அப்படிக் கிடைத்ததை வாடகைக்கு விடக் கூடாது என்பது பெர்மிட்டின் நிபந்தனை.

பெரியவரிடம் கேட்டதற்கு, "2007 வறட்சியில் தண்ணீர் 20 அடி இறங்கி டாக் சேற்றில் உட்கார்ந்தபோது எந்த அதிகாரி வந்து தள்ளிவிட்டார்?" என்று பொரிந்தார். அவர் பக்கத்து வருத்தமும் நியாயம்தான். ஆனால் பெர்மிட் போனால் அவர் வீட்டு விலையே சரிந்துவிடும். இருநூறு டாலருக்காக அந்த ஆபத்தில் இறங்கியதுதான் எனக்குப் புரியவில்லை.

படகை எடுக்க சில நாள் அவகாசம் கிடைத்தது. வேறு இடம் கிடைக்கும்வரை ஏதாவது பூங்காக் கரையில் கட்டிவைக்கலாமா என்று கேட்டேன். 24 மணி நேரம் ஆளில்லாமல் கிடந்தால் கைவிட்ட பொருளாகக் கருதி எடுத்துக்கொண்டு போவோம் என்றார் ரேஞ்சர். இந்த விதிகளை மீறி வழக்கு என்று ஆனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிப்பது ஃபெடரல் மாஜிஸ்திரேட். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு மெரினாவில் உலர் இடம் கிடைத்தது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கொட்டகையில் அலமாரித் தட்டு மாதிரி அடுக்கிவைப்பார்கள். கேட்ட காகிதங்கள்: பதிவுச் சான்று, 3 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு, அதில் மெரினாவின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். பெயரைச் சேர்த்து வாங்க இன்சூரன்ஸ்காரருடன் இரண்டு வாரம் இழுபறி. ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான். மற்ற இருவரும் படகை எடுக்கத் தனியாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதைச் சொல்ல மறந்து ஒரு பங்காளி வெறுங்கையோடு திரும்பி வந்த கதையும் உண்டு.

வாடகை அடிக்கணக்கில். "22 அடி" என்றேன். அங்கிருந்த அம்மா பேசாமல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முன்நுனியிலிருந்து ஏணியையும் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்தார்: 24 அடி 7 அங்குலம். பில்லில் 25. ஏணியைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். மோட்டாரையும் கழற்றுவாயா என்று சிரித்தார்.

இப்போது முந்தின நாள் மாலைக்குள் போன் செய்தால், காலையில் ஃபோர்க்லிஃப்ட் படகை இறக்கித் தண்ணீரில் விட்டிருக்கும். எழுத்தெல்லாம் கறுப்பில் மாற்றியாயிற்று. போன வாரம் பெரியவரின் டாக் பக்கமாகப் போனோம். அவர் கையசைத்தார், நாங்களும் அசைத்தோம். "அப்பா, நாம ஒரு மாசம்தானே கட்டினோம், அவர் இருநூறு டாலர் திருப்பித் தரணும்ல?" என்றான் பையன். தர வேண்டும்தான். கேட்கவில்லை.