மூலப்பத்திரத்திலிருந்து கப்பல் பட்டியல் வரை

தந்தையார் காலமான பிறகு, போளூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் பூர்விக நிலத்தின் பட்டாவை வாரிசுகளின் பெயருக்கு மாற்றும் வேலை என் பொறுப்பில் வந்தது. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம் என்று ஒவ்வொன்றாகத் திரட்டிக்கொண்டிருந்தபோது, என் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் கைக்குக் கிடைத்தது. பட்டா மாற்றத்துக்கு அடுத்த தலைமுறையின் பத்திரமே போதுமானதாக இருந்தது. ஆனாலும் இதைப் படிக்காமல் கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. குடும்ப வரலாற்றைத் தேடும் ஆர்வம் என்னைப் பற்றிக்கொண்டது அதைப் படித்த நாட்களில்தான்.

பழைய பத்திரங்களைப் படிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸ என்று குறியீடுகளாகவே எழுதிச் செல்வார்கள். எங்கள் பத்திரத்தில் ‘கீலக ௵ தை ௴’ என்று இருந்தது. பின்பக்கத்துப் பதிவுக் குறிப்பின் ஓரத்தைச் செல் அரித்திருந்ததால் ஆங்கிலத் தேதி தெரியவில்லை. கீலக ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. 1908-லும் வந்தது, 1968-லும் வந்தது. முத்திரைத் தாளின் தலைப்பில் ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை அச்சாகியிருந்ததைக் கவனித்த பிறகே ஐயம் தீர்ந்தது. அவர் 1901 முதல் 1910 வரை ஆண்டவர் என்பதால், பத்திரம் எழுதப்பட்டது 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்று உறுதியாயிற்று. ஆண்டு தெரிந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறைத் தேடலுக்கு விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் பெற்றேன். இவ்வளவு பழைய பதிவுகள் இணையவழி வில்லங்கச் சான்றில் வருவதில்லை; ஆண்டும் சொத்து இருக்கும் கிராமமும் தெரிந்திருந்தால்தான் பழைய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல முடியும்.

சொத்து விவரத்துக்கு முன்பாக ஒரு வாசகம் இருந்தது. ‘நேட்டாலுக்குப் போயிருக்கும் நமது தமயனார்’ திரும்பி வரும் பட்சத்தில் அவருக்குரிய பாகத்தை இருவரும் சமமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. மூத்தவர் ஒருவர் இருந்தார் என்பதே எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. தொண்ணூறு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த என் பெரிய அத்தையிடம் கேட்டேன். “ஆமாண்டா, எங்க தாத்தாவுக்கு அண்ணன் ஒருத்தர் கப்பலேறிப் போனவரு, அப்புறம் வரவே இல்லைன்னு எங்க அப்பா சொல்வாரு” என்றார். அதுவரை யாரும் கேட்காததால் அவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார். தேடலில் இறங்குபவர்கள் காப்பகத்துக்குப் போவதற்கு முன் வீட்டு முதியவர்களிடம் போக வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைத்தார்கள் என்று கேட்டால், பெயர் மறந்தவர்களுக்கும் உறவு நினைவுக்கு வந்துவிடுகிறது.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனில் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள் ஏராளம். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. அவர்களின் கப்பல் பட்டியல்கள் காக்கப்பட்டு, ஆய்வாளர்களால் பெயர்த்தெழுதப்பட்டு, டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகப் பொதுமக்களுக்குக் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள்.

பெயரை மட்டும் வைத்து இந்தப் பட்டியலில் தேடுவது வீண். முனுசாமி, சின்னசாமி, கோவிந்தன் என்ற பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆங்கில எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் இருக்கின்றன. ஆகவே முதலில் ஜில்லா, பிறகு தாலுகா, பிறகு கிராமம் என்று வடிகட்டி, கடைசியில் தகப்பன் பெயரை ஒப்பிட வேண்டும். இதற்குக் கிராமம் அந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில் இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது; அப்போது வட ஆற்காட்டில் இருந்தது. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். ஊர்ப்பெயரின் பழைய எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் எங்கள் கிராமத்தின் பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டைப் பார்த்தேன். சர்வே எண்ணுக்கு நேராகப் பட்டாதாரராக என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் இருந்தது. வரி வசூலுக்காக எழுதிய அந்த ஒரு வரியே அவரைப் பற்றி எஞ்சியிருக்கும் எழுத்து என்று தோன்றியபோது, அதை விட்டுப் பார்வையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அதே தகப்பன் பெயர், அதே கிராமம், பொருந்தும் வயது ஆகிய மூன்றும் சேர்ந்த பதிவு ஒன்று 1903-ஆம் ஆண்டுப் பட்டியலில் கிடைத்தது. அவர் வயது இருபத்தைந்து. இடது புருவத்தின் மேல் தழும்பு. அப்படியானால் பத்திரம் எழுதிய 1909-இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும்; இன்று வருவார், நாளை வருவார் என்ற எதிர்பார்ப்பில்தான் தம்பிமார் அந்த வாசகத்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நான் கருதுகிறேன். 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுஒப்பந்தமும் செய்யாமல் அங்கேயே தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது; காந்தியடிகள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1914-இல்தான் அது நீங்கியது.

அவருடைய எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண்ணின் பதிவு இருந்தது. வயது இருபது, குறிப்பில் இவருடைய மனைவி என்று இருந்தது. எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எதிலும் அந்தத் தலைமுறைப் பெண்கள் ஒருவரின் பெயர்கூட இல்லை. என் கொள்ளுப்பாட்டியின் பெயரை அத்தையின் வாய்மொழியால்தான் அறிந்தேன். கூலிக்கு ஆள் எண்ணியவர்களின் பட்டியலோ இந்தப் பெண்ணின் பெயரையும், அவருடைய தகப்பன் பெயரையும், பிறந்த ஊரையும், உயரத்தையும் எழுதி வைத்திருக்கிறது. வம்சாவளியில் அவர் பெயரை எழுதிச் சேர்த்த அன்று அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் என்னை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

இனித் தேட வேண்டியது தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ள இறந்தோர் சொத்துக் கோப்புகளை. அவற்றிலுள்ள இறப்பு அறிவிப்பில் பிறந்த ஊர், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும். அட்டவணையில் பொருத்தமாகத் தெரிந்த கோப்புக்கு நகல் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பிறந்த ஊராகப் பட்டியலில் உள்ள எழுத்துகள் ஆரணிப் பக்கத்து ஊர்கள் சிலவற்றுக்குப் பொருந்துகின்றன. அவற்றின் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன்.